எண்பத்து நான்கு காத்தி

1

இக்கதை எனக்கு யாரும் சொல்லிக் கிடைத்ததன்று. வழியில் நின்று வேடிக்கை பார்த்ததால் கிடைத்தது. வழியில் நின்று வேடிக்கை பார்ப்பதை நான் பிறரிடம் எப்போதும் கண்டித்து வந்திருக்கிறேன். ஆகவே குற்றத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நான்காம் ஆண்டில் ஒரு சனிக்கிழமை, காலை ஏழரை மணி. பினாங்கில், டத்தோ கிராமாட் சாலையை ஒட்டிய சந்தில் நாகூர் மீரானின் பாக்கு மண்டி இருந்தது. மூட்டைகளை நிறுக்கும் பெருந்தராசு அதன் வாசலில் தொங்கும். அன்று அதன் ஒரு தட்டில் இரும்புப் படிக்கற்கள் இருந்தன. மூட்டை இருக்க வேண்டிய மறுதட்டில், சங்கிலியைப் பற்றிக்கொண்டு, நல்ல பருத்திச் சேலை உடுத்திய யாழ்ப்பாணத்துக் குடும்பப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். கால்கள் தரையைத் தொடவில்லை. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

நான் கண்டது இவ்வளவே. மற்றவற்றையெல்லாம் நானே கட்டினேன். கட்டியவற்றில் சில ஆடும். ஆடும் இடங்களை அவ்வப்போது காட்டிவிடுவேன்.

2

முதல் தொடக்கம்: “பினாங்கின் கடற்காற்று மெல்ல வீசிய ஓர் இளங்காலைப் பொழுதில் —” நிறுத்திவிட்டேன். காற்றுக்கும் இக்கதைக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

இரண்டாம் தொடக்கம்: “மாந்தர் உடல்நலத்துக்கு உகந்த உணவை உண்ண வேண்டுமாயின் அதற்கு ஆகும் செலவு —” இது கட்டுரை. வாசகர் கொட்டாவி விடுவார்.

மூன்றாம் தொடக்கம்: “விநாசித்தம்பிக்கு ஆறு காத்தி குறைந்தது.” இது நிற்கட்டும்.

(குறிப்பு: ஒரு காத்தி என்பது ஒன்றே மூன்றில் ஒரு பங்கு ராத்தல், அதாவது பவுண்டு. மூன்று காத்திக்கு நான்கு ராத்தல் என்று வைத்துக்கொண்டால் தவறாது.)

விநாசித்தம்பிக்கு ஆறு காத்தி குறைந்தது. அவர் ஓர் அரசாங்க அலுவலகத்தில் தற்காலிக எழுத்தர். மாதம் நாற்பது வெள்ளி, அதாவது மலாயா டாலர், சம்பளம். நிரந்தரப் பதவி கிடைக்க மருத்துவச் சோதனையில் தேற வேண்டும். தேற எண்பத்து நான்கு காத்தி நிறை வேண்டும். அவரிடம் இருந்ததோ எழுபத்தெட்டு. வைத்தியர் மூன்று மாதத் தவணை கொடுத்தார். அதற்குள் தேறினால் ஓய்வூதியம் வரை கவலையில்லை. தேறாவிட்டால் வேலை போய்விடும். கணவனும் மனைவியும் ஊருக்குக் கப்பலேற வேண்டியதுதான்.

வைத்தியர் தவணையோடு ஓர் உணவுப் பட்டியலையும் கொடுத்திருந்தார். விநாசித்தம்பி அதை மடிப்புக் கலையாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து மனைவி செல்வநாயகியிடம் நீட்டினார்.

“இதிலை உள்ள மாதிரித்தான் நான் சாப்பிட வேணும். டொக்ரர் கையெழுத்து வைச்சிருக்கிறார்.”

செல்வநாயகி படித்தாள். முட்டை இரண்டு, வெள்ளை ரொட்டி, வெண்ணெய், டின் பால், ஆட்டிறைச்சி சூப்பு.

“அப்பிளும் போட்டிருக்கு. நாளுக்கு ஒண்டு.”

“ஓம்.”

“உங்களுக்கு அப்பிள் பிடிக்குமோ?”

“தெரியாது. இன்னும் தின்னேல்லை.”

வாடகையும் ஊருக்கு அனுப்புவதும் போக, உணவுக்கு மாதம் பன்னிரண்டு வெள்ளிதான் மிஞ்சும். பட்டியலை அப்படியே வாங்கினால் இருபது ஆகும். செல்வநாயகி அழவில்லை; பட்டியலைச் சுருக்கினாள். இரண்டு முட்டை ஒன்றாயிற்று. மூன்று நாளைக்குரிய பால் டின் எட்டு நாளைக்கு வந்தது. இடைவெளியைத் தண்ணீர் நிரப்பியது. ஆப்பிள் வெள்ளிக்கிழமைகளில் பாதி மட்டும் வந்தது. விநாசித்தம்பி பட்டியலில் இருந்த எல்லாவற்றையும் உண்டார். எதையும் வயிறு நிறைய உண்ணவில்லை.

அவருக்குப் பத்து வெள்ளி போனபின் அவளுக்கு எஞ்சியது இரண்டு. அதில் சிவப்புப் புழுங்கல் அரிசிக் குருணை, பச்சைப்பயறு, நெத்திலிக் கருவாடு வாங்கினாள். கங்கோங் கீரை ஒரு காசுக்கு ஒரு கட்டு. முருங்கையிலை வேலியில் இருந்தது. பப்பாளி கொல்லையில் தானே பழுத்து, எடுக்காவிட்டால் தானே விழுந்தது. பப்பாளி தவிர மற்றதையெல்லாம் ஒரே சட்டியில் போட்டுக் கூழாகக் காய்ச்சிக் குடித்தாள். மரக்கறி மட்டுமே உண்ணும் நாட்களில் நெத்திலியை மட்டும் விட்டுவிடுவாள்.

[இவ்விடத்தில் அவளைத் தியாகியாக்க எண்ணி, “கணவனுக்காகத் தன் வயிற்றைச் சுருக்கிக்கொண்ட அந்த —” என்று ஒரு வாக்கியம் எழுதினேன். எழுதும்போதே அவள் சட்டியிலிருந்து இரண்டாம் கிண்ணம் ஊற்றிக்கொண்டாள். வாக்கியத்தைக் கைவிட நேர்ந்தது.]

3

சனிக்கிழமைதோறும் அலுவலகம் செல்லுமுன் விநாசித்தம்பி மீரானின் தராசில் ஏறுவார். செல்வநாயகி குடை பிடித்துக்கொண்டு உடன் செல்வாள். நான்காம் வாரம் எழுபத்தெட்டரை. ஆறாம் வாரம் எழுபத்தெட்டே முக்கால். எட்டாம் வாரம் மீண்டும் எழுபத்தெட்டு.

“தராசிலை ஏதோ பிழை இருக்கு,” என்றார் விநாசித்தம்பி.

மீரான் கையிலிருந்த படிக்கல்லைக் கீழே வைத்தார். பேச்சுக்கு ‘லா’ என்று வால் வைப்பது அவருடைய பினாங்குப் பழக்கம்.

“தம்பி, இந்தத் தராசுல சீனவங்க நிறுக்குறாங்க, மலாய்க்காரங்க நிறுக்குறாங்க. இருபது வருஷமா ஒருத்தர் குத்தம் சொன்னதில்ல லா. உங்க எலும்புதான் மொதல்ல பேசுது.”

பேச்சோடு விடவில்லை. ஐம்பது காத்தி என்று குறித்துக் கட்டிய மூட்டையை ஏற்றிக் காட்டினார். முள் நடுவில் நின்றது. விநாசித்தம்பி முள்ளைப் பார்த்தார், மூட்டையைப் பார்த்தார், கடைசியில் தெருவைப் பார்த்தார்.

செல்வநாயகிக்கு அன்று காலை நடந்த ஒன்று நினைவுக்கு வந்தது. இரவிக்கையின் பக்கத் தையலை அவள் அம்மாதத்தில் இரண்டாம் முறை பிரித்துத் தளர்த்தியிருந்தாள். சலவைக்காரனைத்தான் அதுவரை குறை சொல்லிக்கொண்டிருந்தாள்.

“நானா, மூட்டையை இறக்குங்கோ,” என்றாள் மீரானிடம், அண்ணன் முறை வைத்து. குடையைக் கணவர் கையில் கொடுத்துவிட்டுத் தட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

“செல்வம்! தெருவிலை சனம் பாக்குது.”

“பாக்கட்டும். காசு கேக்கேல்லையே.”

மீரான் மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொண்டு கற்களை மட்டும் பார்த்து வைத்தார். “எழுபது... எழுபத்தஞ்சு... இன்னும் கீழதான் இருக்கீங்க தங்கச்சி. எண்பது... எண்பத்து மூணு...”

கடைசிக் கல்லில் தட்டு மெல்ல எழுந்து நின்றது.

“எண்பத்து நாலரை. தங்கச்சி, பேசாம சோதனைக்கு நீங்க போங்க லா. தம்பி வீட்ல சமைக்கட்டும்.”

அவள் சிரித்தாள். அப்போதுதான் நான் அந்த வழியே சென்றேன்.

(குறிப்பு: முதற்படியில் சரியாக எண்பத்து நான்கு என்றே எழுதினேன். உண்மை அவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்வதை நான் கண்டதில்லை. அரைக் காத்தி சேர்த்தபின் நம்பிக்கை வந்தது.)

4

இனி விநாசித்தம்பியைப் பற்றி எனக்குள்ள ஐயம். அறிவுள்ள மனிதர் அன்று மதியமே மனைவியின் சட்டிக்கு மாறியிருப்பார், கதையும் முடிந்திருக்கும். இரண்டு முறை அவ்வாறு எழுதியும் பார்த்தேன். இரண்டு முறையும் அவர் மறுத்துவிட்டார்.

“அது றப்பர்த் தோட்டத்துச் சனம் சாப்பிடுற சாப்பாடு,” என்றார் வீட்டுக்கு வந்தபின். “டொக்ரர் கையெழுத்து வைச்ச கடதாசிக்கு மேலை உம்மடை சட்டியோ?”

“அந்தக் கடதாசி பிழையெண்டு நான் சொல்லேல்லை. அதுக்கு எங்கடை சம்பளம் காணாது எண்டுதான் சொல்லுறன். கால் வயித்துக்கு அப்பிள் தின்னுறதிலும் முழு வயித்துக்குக் கீரை தின்னலாம்.”

“கந்தோரிலை பக்கத்து மேசையிலை அம்பிகைபாகன் இருக்கிறான். பாத்திரத்தைத் திறந்தால் பச்சையாய்த் தெரியும்.”

விலை எங்கே இருந்தது என்று அவளுக்கு அப்போது விளங்கியது. கீரையின் விலை ஒரு காசு; அதை அம்பிகைபாகன் முன்னிலையில் உண்பதன் விலை வேறு. சந்தையில் பேரம் பேசி இறக்கும் விலையன்று அது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. தான் உண்பவற்றை ஒரு தாளில் தாறுமாறாகக் கிறுக்கிக்கொண்டு கணவரிடம் வந்தாள்.

“இதை வடிவா எழுதித் தாருங்கோ. என்ரை எழுத்து எனக்கே விளங்கேல்லை.”

ஒழுங்கற்ற தாளைப் பார்த்தால் விநாசித்தம்பியால் சும்மா இருக்க முடியாது. (இதில் நான் அவர் பக்கம்.) அடிகோல் எடுத்து மூன்று பத்திகள் வரைந்தார்: வேளை, பொருள், அளவு.

“நெத்திலிக்கு அளவு இல்லை.”

“ஒரு பிடி.”

“ஆற்றை பிடி? உம்மடையோ என்ரையோ? பிடியெல்லாம் ஒரு அளவோ? அரை ராத்தல் மாதத்துக்கு எண்டு போடுறன்.”

“போடுங்கோ.”

“பப்பாளி எத்தினை மணிக்கு?”

“பழுக்கிற நேரத்துக்கு.”

“பத்து மணிக்கு எண்டு போடுறன்.”

எழுதி முடித்து, மை ஒற்றி, கீழே தேதியிட்டு, பழக்கம் காரணமாகக் கையெழுத்தும் வைத்தார்.

திங்கட்கிழமைக் காலை அவர் மேசைக்கு வந்தபோது ரொட்டி இல்லை. கூழ்க் கிண்ணம் இருந்தது. அதற்கு மேலே சுவரில் அந்தத் தாள் ஒட்டியிருந்தது.

“இது ஆற்றை கையெழுத்து?” என்று கேட்டாள் செல்வநாயகி.

அவர் பார்த்தார். வாழ்நாள் முழுவதும், கையெழுத்திட்ட தாள் சொன்னபடியே நடந்து வந்த மனிதர் அவர்.

“என்ரை.”

“அப்ப ஆறமுதல் குடியுங்கோ.”

குடித்தார். முதல் நாள் பாதியில் எழுந்து சுவர்த் தாளை மறுபடி படித்தார். மூன்றாம் நாள், “உப்பு அளவு எழுதேல்லை,” என்றார். ஐந்தாம் நாள் கிண்ணத்தை மறுபடி நீட்டினார். இரண்டாம் வாரத்தில் அலுவலகத்துக்கும் கொண்டுபோனார். அம்பிகைபாகன் பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்தார்.

“என்ன அண்ணை, வீட்டிலை ஆடு வளர்க்கிறியளோ? அதின்ரை சாப்பாடு மாறி வந்திட்டுது.”

விநாசித்தம்பியின் காது சிவந்தது. ஆயினும் மூடியைத் திரும்பப் போடவில்லை. நெத்திலியும் தேங்காய்ப்பாலும் கொதித்த வாசனை மேசை தாண்டிப் போயிற்று. சற்று நேரத்தில் அம்பிகைபாகனின் கை நீண்டது.

“ஒரு கரண்டி இஞ்சாலையும் தள்ளுங்கோ. ஆட்டுக்குத் தெரியவேண்டாம்.”

(குறிப்பு: தேங்காய்ப்பால் முன்பு சொல்லப்படவில்லை என்று கவனமுள்ள வாசகர் குறிப்பிடலாம். அரைத் தேங்காய் வாரத்துக்கு இரு முறை. வைத்தியரின் பட்டியலைக் கைவிட்டதில் மிஞ்சிய பணத்தில் வந்தது. விடுபட்டது என் பிழை.)

5

சோதனைக்கு முதல்நாள் மாலை நாகூர் மீரான் கற்களை வைத்தார். எண்பது தாண்டியது. எண்பத்தொன்று தாண்டியது. எண்பத்து இரண்டரையில் நின்றுவிட்டது. இன்னும் ஒன்றரைக் காத்தி.

என்னிடம் மூன்று முடிவுகள் இருந்தன.

முதலாவது: அம்பிகைபாகன் ஒரு யோசனை சொல்கிறார்; காற்சட்டைப் பையில் படிக்கற்களைப் போட்டுக்கொண்டு போகலாமென்று. விநாசித்தம்பி தயங்கித் தயங்கி மீரானிடம் கேட்கிறார். எழுதிக்கொண்டு போகையில் மீரான் என்னைத் தடுத்தார்.

“தம்பி, என் உசுரக் கேளுங்க, தர்றேன். என் படிக்கல்லு பொய் சொல்லப் போகாது.”

அவர் சொன்னது சரி. அம்முடிவு போயிற்று.

இரண்டாவது: வைத்தியர் இரக்கப்பட்டு, ஒன்றரைக் காத்தியைக் கண்டுகொள்ளாமல் — இல்லை. மூன்று மாதம் கூழ் காய்ச்சியவளுக்கு யாருடைய இரக்கத்தையும் கூலியாகக் கொடுக்க எனக்கு மனமில்லை.

மூன்றாவது: கப்பல், பெட்டிகள், துறைமுகம். நான்கு தாள்கள் எழுதினேன். நன்றாகவே எழுதியிருந்தேன். அடுப்பில் போட்டுவிட்டேன்.

ஆகவே தராசடியிலேயே நிற்கிறோம். விநாசித்தம்பி தலை குனிந்து சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். செல்வநாயகிதான் பேசினாள்.

“நாளைக்கு எத்தினை மணிக்கு நிறுவை?”

“ஒன்பது.”

“நானா, அந்தச் சின்னத் தராசை ஒருக்காத் தாறியளோ?”

வீட்டிலிருந்து கிண்ணத்தைக் கொண்டுவந்து, நிறையத் தண்ணீர் ஊற்றி நிறுத்தாள். ஐந்து கிண்ணம் ஒன்றரைக் காத்தி; கூழானாலும் அவ்வளவுதான்.

“இது நேர்மையோ, செல்வம்?” என்று கேட்டார் விநாசித்தம்பி.

“பொக்கெற்றுக்குள்ளை இருந்தால் அது நானான்ரை கல்லு. வயித்துக்குள்ளை இருக்கிறது உங்கடை சாப்பாடு. இதிலை என்ன கேள்வி?”

மீரான் யோசித்துவிட்டு, “சட்டம் தங்கச்சி பக்கம்தான் லா,” என்றார்.

6

காலை எட்டரை மணி. வாசலில் ரிக்‌ஷா நிற்கிறது. இதுவரை அவர்கள் வாடகை வண்டியில் ஏறியதில்லை; ஆனால் நடந்தால் வியர்க்கும், வியர்த்தால் குறையும் என்று செல்வநாயகி அழைத்திருக்கிறாள். வண்டிக்காரர் மணியை ஒரு முறை அடித்துவிட்டார்.

விநாசித்தம்பி கோட்டின் கடைசிப் பொத்தானைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். நெற்றியில் திருநீறு. நான்கு கிண்ணம் முடிந்தது. நான்காவதில் அவர் கண் கலங்கியது. உறைப்பினால் என்று சொன்னார். சட்டியில் சரியாக ஒரு கிண்ணம் இருக்கிறது: சிவப்புக் குருணை, பயறு, முருங்கையிலை, அடியில் தங்கிய நெத்திலி. எல்லாம் சேர்த்து மூன்று காசு பெறும்.

“போதும்,” என்று அவர் கிண்ணத்தின்மேல் கையை விரித்து வைக்கிறார்.

“கையை எடுங்கோ.”

“இனி இடமில்லை, செல்வம்.”

“ஓய்வூதியத்துக்கு இடம் இருக்கோ?”

அவர் சிரித்துவிடுகிறார். சிரிக்கும்போது விரல்கள் சற்றே விலகுகின்றன.

தராசுமுள் எங்கே நின்றது என்று எனக்குத் தெரியாது. நான் கண்டது ஒரு பெண் சிரித்ததை மட்டுமே. அதற்கு மேல் துணிந்து சொன்னால் பொய்யாகும். ஆனால் விரல்கள் விலகியிருக்கின்றன, கூழ் சூடாக இருக்கிறது, மணி எட்டு முப்பத்திரண்டு. கரண்டியை உங்கள் கையில் தருகிறேன்.

சீக்கிரம். சிந்தாமல் ஊற்றுங்கள்.