சொல்லி வைத்த கீறல்

ராஜவேலுவின் பியட் காருக்கு 1984 மே மாதத்தோடு இருபது வயது முடிந்தது. விழுப்புரத்தைச் சுற்றி அது போகாத ஊர் இல்லை. அவர் மாட்டு டாக்டராக இருந்தவர். கண்டாச்சிபுரத்திலிருந்து ஒரு கன்றுக்குட்டியைப் பின்சீட்டில் படுக்க வைத்துக் கொண்டுவந்தபோது அதன் குளம்பு கிழித்த கிழிசல் இன்னும் தைக்காமலே இருந்தது. அந்தக் கன்று பிழைத்துக்கொண்டது. அதனால் கிழிசலைத் தைக்க அவருக்கு மனசு வரவில்லை.

இப்போது இரண்டு கண்ணிலும் புரை எடுத்தாயிற்று. இனிமேல் வண்டி ஓட்டக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். நாக்பூரில் இருக்கும் மகள் கிருஷ்ணவேணியோ, இளம்பிள்ளைவாதத்தில் கால் சூம்பிய தன் ஏழு வயது மகள் அம்சாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுவதாக எழுதியிருந்தாள். மருமகனுக்குக் கார் ஓட்டத் தெரியும். ஜூன் கடைசியில் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் கார் அங்கே போய்ச் சேர்ந்தாக வேண்டும். யாரை நம்பி அனுப்புவது?

"ஒரு டிரைவரைப் போட்டு ஓட்டிக்கினு போகச் சொல்லலாமா?" என்று மனைவி விசாலாட்சியிடம் கேட்டார்.

"திண்டிவனம் போறதுக்குள்ளயே ரெண்டு வாட்டி தண்ணி குடிக்கிற வண்டி இது. நாக்பூர் போறதுக்குள்ள வழியில இருக்கிற கிணறெல்லாம் வத்திப் பூடும்" என்றாள் அவள்.

முதலில் ரயில்வே கூட்ஸ் ஷெட்டுக்குப் போனார். குமாஸ்தா பேனாவைக் கீழே வைத்தார்.

"அனுப்பலாம் சார். ஆனா நம்முளுது சின்ன லைன். மெட்ராஸ்ல இறக்கி, பெரிய லைன் வண்டியில மறுபடி ஏத்தணும். அங்க எத்தினி நாள் வெயில்ல கெடக்கும்னு எனக்கே தெரியாது. நான் சொன்னேன்னு வெளிய சொல்லாதீங்க, லாரியில போடுங்க. திண்டிவனத்துல விசாரிச்சுப் பாருங்க."

தேடி வந்தவரைத் தானே திருப்பியனுப்புகிற நல்ல மனசு எல்லோருக்கும் வராது. ராஜவேலு அவரை மனசுக்குள் வாழ்த்திக்கொண்டு திண்டிவனத்துக்கு பஸ் ஏறினார்.

அங்கே லாரி ஆபீஸில் டெலிபோன் இருந்தது, மின்விசிறி இருந்தது, மேனேஜர் முகத்தில் சிரிப்பும் இருந்தது. "கவலையே படாதீங்க. பூ மாதிரி இறக்கித் தர்றோம். ஒரு கீறல் விழாது."

"யார் ஓட்டிக்கினு போவாங்க?"

"அன்னைக்கு எந்த வண்டி காலியோ, அது போவும்."

யோசித்துச் சொல்வதாகச் சொல்லி வெளியே வந்தார். வேப்பமர நிழலில் ஒரு லாரி நின்றது. அதன் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்து, நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் தார்ப்பாய் தைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னா சார், கீறலே விழாதுன்னாரா?" என்றார் தலையைத் தூக்காமல்.

"ஆமா. நீங்க?"

"பச்சமுத்து. சொந்த வண்டி. நீங்க உள்ள பேசினது காதுல விழுந்துச்சு, நானும் நாக்பூருக்குத்தான் பருப்பு ஏத்தப் போறேன். இங்கேருந்து போவ வேண்டிய புண்ணாக்கு லோடு தவறிப் போச்சு, காலியாத்தான் போவணும். உங்களுது இன்னா வண்டி?"

"பியட்."

பச்சமுத்து ஊசியை நிறுத்தினார். "கீறல் விழும் சார். ஆதிலாபாத் தாண்டி ரோடு தூக்கிப் போடும். எப்படிக் கட்டினாலும் கயிறு கொஞ்சம் தளரும். இடது பக்கம் பின் மட்கார்டுல ஒரு வெரல் நீளம். மல்லாட்டைத் தோல் மூட்டையா அடுக்கி அணைச்சுடுவேன், அதுக்கு மேல விழாது. மின்னாடியே சொல்லிட்டா பின்னாடி பேஜாரு இல்ல பாருங்க."

ராஜவேலுவுக்குச் சுருக்கென்றது. இருபது வருஷம் கீறல் இல்லாமல் வைத்திருந்த வண்டி. வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொல்லி, "ஆபீஸ்காரருக்கே குடுத்துடலாம்னு பாக்கறேன்" என்றார்.

விசாலாட்சி முறத்திலிருந்து நிமிர்ந்தாள். "கிருஷ்ணவேணிக்கு வரன் பார்த்தப்போ ரெண்டு வீட்டுல, பையன் தங்கம்னாங்க. ஒரே ஒரு வீட்டுலதான், பையனுக்குக் கோவம் ஜாஸ்தின்னு அவங்கம்மா சொன்னாங்க. நாம எங்க குடுத்தோம்?"

"கோவம் வருதுதானே அவனுக்கு?"

"வருது. வேற எதாவது வந்துச்சா?"

ராஜவேலு மறுநாள் பச்சமுத்துவுக்கே ஆள் அனுப்பினார்.

விழுப்புரத்து மல்லாட்டை மண்டியில், வேர்க்கடலை மூட்டை இறக்கும் மேடையில் லாரியைப் பின்பக்கமாக ஒட்டி நிறுத்தி, பலகை போட்டுக் காரை ஏற்றினார்கள். பச்சமுத்து பேட்டரி வயரைக் கழற்றினார். சுற்றிலும் மூட்டை அடுக்கிக் கட்டினார். விசாலாட்சி ஸ்டியரிங்கில் குங்குமம் வைத்தாள். திண்டிவனம் வரைக்கும் கூட வந்துவிட்டு பஸ்ஸில் திரும்பிவிடுவதாகச் சொல்லி ராஜவேலு லாரியில் ஏறிக்கொண்டார்.

வழியில் பேச்சு பழைய காலத்துக்குப் போனது. கூட்டேரிப்பட்டு வந்தால் காரை நிறுத்தி, மயிலம் மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் போவார்கள். சின்னப் பெண்ணாக இருந்த கிருஷ்ணவேணி மடியில் ஏறி ஒரே ஒரு தடவை ஹாரன் அடிப்பாள். முருகனுக்கு ஒரு தடவை கூப்பிட்டால் போதும், அவருக்குக் காது நன்றாகக் கேட்கும் என்பாள். இருபது வருஷத்தில் இந்தக் கார் அங்கே நிற்காமல் போனதே இல்லை.

இதைச் சொல்லி முடித்தபோது அவருக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. லோடு வண்டியை நிறுத்தச் சொல்வது முறையா என்று வாயை மூடிக்கொண்டார்.

கூட்டேரிப்பட்டில் லாரி ஓரங்கட்டி நின்றது. பச்சமுத்து செருப்பைக் கழற்றிவிட்டு மலைப்பக்கம் திரும்பிக் கும்பிட்டார்.

"உங்க வண்டி பேட்டரி வயரைக் கழட்டியாச்சு சார். அதுக்குப் பதிலா என் வண்டி கூப்பிடட்டும்" என்று ஒரு தடவை ஹாரன் அடித்தார்.

திண்டிவனத்தில் இறங்கியபோது ராஜவேலுவுக்கு நெஞ்சு கனக்கவில்லை. கார் யார் கையில் போகிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

ஐந்தாம் நாள் விஜயவாடாவிலிருந்து எழுதிய போஸ்ட் கார்டு வந்தது: 'வண்டி சௌக்கியம். பச்சமுத்து.' இரண்டு வாரம் கழித்து மகளின் கடிதம் வந்தது. விசாலாட்சி கேட்க, அவர் உரக்கப் படித்தார்.

'அப்பா, கயிற்றை அவிழ்ப்பதற்கு முன்னால் லாரிக்காரர் என்னைக் கூப்பிட்டு ஒரு கீறலைக் காட்டினார். அப்பாவிடம் சொன்னதுதான் என்றார்.'

"எந்தப் பக்கம்?" என்றாள் விசாலாட்சி.

"இடது. பின் மட்கார்டு."

"எவ்ளோ நீளம்?"

"ஒரு வெரல்."

அவள் சாமி படத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். அவர் மேலே படித்தார்.

'பேட்டரி வயரை மாட்டிவிட்டு அம்சாவைத் தூக்கி ஸ்டியரிங் முன்னால் உட்கார வைத்தார். ஒரு வாட்டி அடி கண்ணு, போதும் என்றார். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்குக் காரிலேதான் போனாள். ஏன் ஒரே ஒரு வாட்டி என்று அன்றிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறாள். நீங்களே அவளுக்கு எழுதிவிடுங்கள்.'

ராஜவேலு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, இன்லேண்ட் லெட்டர் ஒன்றை எடுத்து வைத்து எழுத ஆரம்பித்தார். 'அன்புள்ள அம்சாவுக்கு, விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகிற வழியில் கூட்டேரிப்பட்டு என்று ஓர் ஊர் இருக்கிறது.'