மடிப்புக் கலையாத சேலை

காவிரித் தண்ணீரை உள்ளங்கையில் ஏந்திச் சத்தியம் செய்தே சொல்வது இது. ஒரு சொல்கூடக் கூட்டிச் சொல்லவில்லை. சந்தேகப்படுகிறவர்கள் மோகனூருக்கு வந்து ஆற்றையே கேட்டுக்கொள்ளலாம்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்களெல்லாம் அடுப்புக்கரியில் ஓடின. அந்த ஆடி மாதம் மோகனூர்ச் சென்னியம்மாளுக்கு ஒரு கடிதம் வந்தது. பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியாரம்மா வேண்டும். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு நாமக்கல் பங்களாவுக்கு நேரில் வர வேண்டும். உடை கண்ணியமாக இருக்க வேண்டும்.

வேலை கிடைத்தால் பள்ளிக்கூடம். கிடைக்காவிட்டால் ஆவணியில் தாய்மாமன் வெள்ளியங்கிரிக்குக் கழுத்தை நீட்ட வேண்டும். வெள்ளியங்கிரி கெட்டவர் இல்லை. நாற்பது வயது. எருமைகளிடம் மட்டும்தான் பேசுவார்; பேசிவிட்டு, அவை பதில் சொல்லும்வரை காத்திருப்பார்.

கண்ணியமான உடை எது என்பதில்தான் சிக்கல். சென்னியம்மாளின் அம்மா ஆத்தாயி ஆயுசில் ரவிக்கை போட்டறியாதவள்.

“மாராப்ப இழுத்துச் சொருகிட்டுப் போ சாமி. அதுக்கு மேல என்ன கண்ணியம்?”

“ரவுக்கை இல்லாமப் போனா வாசல்லயே நிறுத்திப்புடுவாங்கம்மா.”

“ரவுக்கை போட்டுட்டுப் போனா உங்க மாமன் நம்மூட்டு வாசப்படியே மிதிக்கமாட்டான்.”

“அப்பச் சரிதானுங்கம்மா,” என்றாள் சென்னியம்மாள்.

பக்கத்து வீட்டுக் கமலவேணி குமாரபாளையத்துத் தறிக்காரர் வீட்டில் பிறந்தவள். அவளுக்கு எல்லாம் தெரியும்.

“ஆளெடுக்க வர்ற பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் அம்மா மூஞ்சியவே பாக்கமாட்டாங்களாமுங்க அம்மிணி. கொசுவத்தத்தான் பாப்பாங்களாம். ஒரு கசங்கல் இருந்தாலும் திருப்பி அனுப்பிருவாங்களாம். சேலையக் குடுங்க, கஞ்சி போட்டுத் தாரேன்.”

அம்மாபேட்டையில் நெய்த சாம்பல் நிறச் சேலை; நாவற்பழக் கரை. கமலவேணிக்குத் தெரிந்தது ஒரே கஞ்சி. தறியில் ஏற்றுமுன் பாவு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிப் போடுவார்களே, நூலைக் கம்பியாக்கும் கஞ்சி, அது. அதில் மூன்று தரம் முக்கி, கொசுவத்தை முன்பக்கம் மடித்துக் காயவைத்தாள்.

வெள்ளிக்கிழமை விடியும்போது சேலை மூலையில் தானாக நின்றுகொண்டிருந்தது. ஆத்தாயி அதை மகள் என்று நினைத்து, “நீராகாரம் குடிச்சியா?” என்று இரண்டு தரம் கேட்டாள். சென்னியம்மாள் அதைக் கட்டவில்லை. அறைக்குள் நுழைவதுபோல நுழைந்தாள்.

கரி பஸ்ஸில் ஏறினால் உட்கார முடியவில்லை. இடுப்பு மடங்கினால்தானே.

“ஏனுங்க அம்மிணி, உக்காருங்க. வண்டி எடுக்கோணும்,” என்றான் கண்டக்டர் சின்னான்.

“உக்காந்தா ஒடிஞ்சிருமுங்க.”

“அப்பப் படுக்கவெச்சு மேல கட்டிரட்டுங்களா? வாழைத்தார் பக்கத்துல எடம் இருக்குது.”

சென்னியம்மாள் இறங்கி நடந்தாள். பதினோரு மைல். மூன்று ராத்திரியாகத் தூக்கமில்லாதவள். வெற்றிலைக் கொடிக்காலைத் தாண்டும்போது ஆற்றுப் பக்கமிருந்து ஆடிக்காற்று எழுந்து முதுகில் கை வைத்தது. சேலை புடைத்தது. கால் தரையைத் தொட்டதும் தொடாததுமாகப் போனது. விழ முடியாத உடைக்குள் நின்றபடியே அவள் கண்ணயர்ந்தாள். சேலை மட்டும் சாலையை விட்டு விலகாமல், எதிரே வந்த மாட்டுவண்டிகளுக்கு ஒதுங்கிக் கொடுத்துப் போய்க்கொண்டிருந்தது.

உறக்கத்தில் காவிரிக்கடியில் ஒரு பள்ளிக்கூடம் நடந்தது. பச்சை வெளிச்சம். கெண்டைகள் சிலேட்டு வைத்துக்கொண்டு வரிசையாக இருந்தன. அவள் கணக்குக் கேட்டாள். அவை வாயைத் திறந்து ஒவ்வொரு குமிழியாக விட்டன. குமிழிகளை எண்ணினால் விடை சரியாக இருந்தது.

நாமக்கல் பங்களாவில் அவளுக்கு முன்னால் நான்கு பெண்கள் காத்திருந்தார்கள். நால்வரும் கரி பஸ்ஸில் வந்தவர்கள். சேலையெல்லாம் கசங்கி, மூக்கில் கரி. இன்ஸ்பெக்டர் அம்மாள் அவர்களை ஆளுக்கு ஒரு கேள்வியோடு அனுப்பிவிட்டார். பிறகு கதவு திறந்து சாம்பல் நிறச் சேலை உள்ளே வந்தது. அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கொசுவத்தைப் பார்த்தார். ஏழு மடிப்பு. ஏழும் அளந்து வைத்தாற்போல.

“உட்காரம்மா.”

“நின்னுக்கறேனுங்க,” என்றாள் சென்னியம்மாள், ஆற்றுக்கடியிலிருந்து. அம்மாள் ‘பணிவு’ என்று எழுதிக்கொண்டார்.

“வகுப்பில் பிள்ளைகள் சத்தம் போட்டால் என்ன செய்வாய்?”

“எம் பிள்ளைங்க வாயத் தொறந்தாக் குமிழிதானுங்க வரும். சத்தம் வராதுங்க.”

இருபது வருஷ உத்தியோகத்தில் இப்படி ஒரு பதில் அந்த அம்மாளுக்குக் கிடைத்ததில்லை. வேலை உத்தரவில் கையெழுத்துப் போட்டார்.

திரும்பும் வழியில் தூறல் விழுந்தது. கஞ்சி இளகி, சேலை மெல்ல மெல்லச் சாதாரணச் சேலையானது. மடிப்புகள் ஒவ்வொன்றாக அவிழ, சென்னியம்மாள் விழித்தாள். அவள் நின்றது சொந்த வீட்டு வாசலில். கையில் நனையாத உத்தரவு.

சேதி தெரிந்ததும் வெள்ளியங்கிரி தொழுவத்துக்குப் போய் மூத்த எருமையிடம் சொன்னார். காத்திருந்தார். அது தலையாட்டியதாகத்தான் கேள்வி. ஆவணியில் சென்னியம்மாள் பள்ளிக்கூடத்தில் முதல் மணி அடித்தாள்.

அந்த வருஷம் ஆடி முதல் தேதியிலிருந்து கடைசித் தேதிவரை மோகனூர்ப் பக்கம் ஒரு வேப்பிலைகூட அசையவில்லை. அப்படியானால் அந்தச் சேலையைத் தள்ளிக்கொண்டு போனது எது என்று ஆற்றைத்தான் கேட்க வேண்டும்.