இறங்கத் தெரிந்த ஆடு

நஸ்ரா வாயைத் திறக்கக் கூடாது. மலையிலிருந்து இறங்கிய வழி முழுக்க அதையே தனக்குள் சொல்லிக்கொண்டு வந்தாள். இப்போது நிஸ்வாவின் வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தையில், முகத்திரையைக் கீழே இழுத்துவிட்டு, கைகளை மேல்துணிக்குள் ஒளித்துக்கொண்டு, பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

சந்தையின் நடுவில் கூரை போட்ட வட்ட மேடை. மேடையைச் சுற்றி ஒரு பாதை. வாங்குகிறவர்கள் மேடையிலும் பாதையின் வெளியோரத்திலும் எதிரெதிரே உட்கார்ந்திருக்க, தரகர்கள் நடுவே ஆடுகளைக் கயிற்றில் பிடித்துச் சுற்றிக்கொண்டே இருப்பார்கள். கடைசியாக யார் என்ன விலை சொன்னார்களோ, அந்த விலையைக் கத்திக்கொண்டே போவார்கள். யாராவது கை நீட்டி நிறுத்துவார். பல்லைப் பார்ப்பார், மடியைத் தடவுவார், இரண்டோ ஐந்தோ ரியால் கூட்டிச் சொல்வார். உடனே தரகர் புது விலையைக் கத்தத் தொடங்குவார். கூட்டிக் கேட்க ஆளில்லாமல் ஒரு முழுச் சுற்று வந்துவிட்டால், கடைசியாகச் சொன்னவர் கைக்குக் கயிறு போகும். கயிறு கை மாறும்வரை எதுவும் விற்றதாகாது. மாறிவிட்டால் யார் வந்து அழுதாலும் திரும்பாது.

கல்ஃபான் என்ற ஒல்லித் தரகர் பிடித்துக்கொண்டு வந்த கயிற்றின் முனையில் கஹ்லா நடந்து வந்தது. பழுப்பு உடம்பு, கண்ணைச் சுற்றி மை தீட்டியது போலக் கறுப்பு. நஸ்ராவின் ஆடு.

எல்லாம் நேற்று விடியுமுன் நடந்தது. பெருநாள் நெருங்குகிறது, விலை நன்றாக இருக்கும், ஒரு ஆட்டை விற்கலாம் என்று முடிவு செய்திருந்தார்கள். விற்க வேண்டியது கஹ்லாவின் மகள். தாயும் மகளும் ஒரே நிறம், ஒரே மை. கொழுந்தன் ஹமூத் இருட்டில் பட்டிக்குள் போய்க் கையில் நாலு பேரீச்சம்பழத்தை வைத்து நீட்டினான். முதலில் வந்தது எதுவோ அதைப் பிடித்துக் கட்டினான். முதலில் வரக்கூடியது எது? எங்கேயும் முதலில் போகும் ஆடுதான் பழத்துக்கும் முதலில் வரும். இதை அவன் யோசிக்கவில்லை. நிஸ்வாவில் வீடு கட்டிப் போய் ஆறு வருஷமாகிறது.

நஸ்ராவும் யோசிக்கவில்லை. பட்டியைத் திறந்துவிட்டாள், மந்தை குடுகுடுவென்று ஏறிப் பாறைத் தட்டுக்குப் போனது. ஏறுவதற்கு எந்த ஆட்டுக்கும் தலைவி வேண்டாம். இறங்குவதற்குத்தான் வேண்டும். தட்டுக்கு வரும் வழியில் ஓர் இடத்தில் பாறை பிளந்திருக்கிறது. மேலே போகும்போது பிளவின் அடுத்த கரை கண்ணுக்கு நேராக இருப்பதால் தாண்டிவிடும். திரும்பும்போது அந்தக் கரை கீழே தள்ளி இருக்கிறது. ஆடு குனிந்தால் அதற்குத் தெரிவது கரையல்ல, பள்ளம். எங்கே காலை ஊன்ற வேண்டும் என்பது கஹ்லாவுக்குத் தெரியும். அது தாண்டுவதைப் பார்த்துத்தான் மற்றவை தாண்டும்.

நேற்று சாயங்காலம் இருபத்தெட்டு ஆடுகளும் பிளவின் ஓரத்தில் நின்று கத்தின. கூட்டத்தில் மகள் நிற்பதையும் தாய் இல்லாததையும் அப்போதுதான் பார்த்தாள். தண்ணீர் கீழே குளத்தில். மேலே ஒரு சொட்டு இல்லை. நேற்றைய பொழுது போய், ராத்திரியும் போய்விட்டது. இன்று உச்சி வெயிலில் தாகம் தாங்காமல் அவை குருட்டுத்தனமாய்க் குதிக்கும். போன வருஷம் மேலூர்க்காரர்களின் ஆடுகள் ஏழு அப்படித்தான் போயின. கணவன் ஸைஃப் விடியலிலேயே கயிறு போட்டு ஏறி, ஆடுகளை ஓரத்துக்கு வரவிடாமல் காத்துக்கொண்டிருக்கிறான்.

ஹமூத்தின் போன் நேற்றிலிருந்து அணைந்து கிடந்தது. அவளைக் கூட்டி வந்த பக்கத்து வீட்டு மர்ஹூன், வண்டியை நிறுத்தியதும் ஹமூத்தைத் தேடி மீன் சந்தைப் பக்கம் ஓடினார். இன்னும் வரவில்லை.

அவள் ஏன் வாயைத் திறக்கக் கூடாது? கஹ்லாவுக்கு அவள் குரல் தெரியும். கேட்டால் நின்றுவிடும், கத்தும், இழுக்கும். இது முன்னே நடக்கும் ஆடு என்று சந்தைக்கே தெரிந்துவிடும். மலையில் அப்படி ஒரு ஆட்டுக்கு மூன்று ஆட்டு விலை கொடுப்பார்கள். நஸ்ராவின் இடுப்பு முடிச்சில் இருந்தது நூற்றிருபது ரியால்.

"என்ன மகளே, ஊமையா நீ? வந்ததிலேர்ந்து பாக்கறேன், ஒரு வார்த்தை காணோம்."

பக்கத்தில் இரண்டு குட்டிகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அம்மாள் கேட்டாள். மணல்நாட்டுக்காரி; எல்லாரும் அவளை ஸுலைம் அம்மா என்று கூப்பிட்டார்கள். கஹ்லா வட்டத்தின் அந்தப் பக்கம் போகும்வரை காத்திருந்து, நஸ்ரா அவள் காதில் கிசுகிசுத்தாள்.

"அந்தப் பழுப்பு ஆடு என்னோடது. கொழுந்தன் தப்பா புடிச்சிட்டு வந்துட்டான்."

"அப்ப கல்ஃபான்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?" என்றவள் தானே தலையை ஆட்டினாள். "சொன்னாலும் குடுக்க மாட்டான். கயிறு குடுத்தவன் வாயாலதான் வேண்டாம்னு வரணும். போன வாரம் ஒருத்தி என் ஆடு, என் ஆடுன்னு மாரடிச்சு அழுதா. கடைசில பாத்தா அது பக்கத்து வீட்டுக்காரி ஆடு."

"அம்மா, என் குரலைக் கேட்டா அது நின்னுடும். விலை ஏறிடும். மந்தை முழுக்க மேலே தண்ணியில்லாம நிக்குது."

ஸுலைம் அம்மா அவளை ஒரு நொடி உற்றுப் பார்த்தாள். "எவ்வளவு வச்சிருக்கே?"

"நூத்தி இருபது."

"சரி. நீ பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு. நான் கேக்கறேன்."

"தொண்ணூறு! தொண்ணூறு!" கல்ஃபான் நெருங்கி வந்தார். "மலை ஆடு! வீட்டுக்கே பால் குடுக்கும்! மடியைப் பாத்தாலே பசி தீரும்!"

"உன்னைப் பாத்தா தீரலையே, எலும்பும் தோலுமா இருக்கே!" என்றாள் ஸுலைம் அம்மா. "தொண்ணூத்தஞ்சு வச்சுக்க."

"அக்கா வாயால தொண்ணூத்தஞ்சு!"

அந்த நேரம் கஹ்லா மூக்கைத் தூக்கியது. நஸ்ரா மூச்சை அடக்கினாள். மேல்துணியில் பட்டியின் வாசனை இருக்குமே, துவைக்காமல் வந்துவிட்டோமே என்று இப்போதுதான் தோன்றியது. ஆடு ஒரு கால் தூக்கி நின்றது. கல்ஃபான் கயிற்றைச் சுண்டினார். நடந்தது.

எதிரே மருதாணி போட்ட தாடிக்காரர் ஒருவர் கைத்தடியை நீட்டி நிறுத்தினார். பஹ்லாவிலிருந்து வந்தவர். உதட்டை விலக்கிப் பல் பார்த்தார், மடியை அமுக்கிப் பார்த்தார், எழுந்து பின்னால் போய் நடையையும் பார்த்தார். "மகள் பிள்ளை பெத்து வந்திருக்கா. நல்ல பால் வேணும். நூறு."

"நூத்தி அஞ்சு," என்றாள் ஸுலைம் அம்மா.

"உனக்கெதுக்கு மலை ஆடு? மணல்ல ஏறறதுக்கா?"

"உங்க தாடி சாயத்துக்கு எவ்வளவு ஆச்சுன்னு நான் கேட்டேனா?"

சுற்றிலும் சிரித்தார்கள். நஸ்ராவுக்குச் சிரிப்பு வரவில்லை. நூற்றுப் பத்து. நூற்றுப் பதினைந்து. ஒவ்வொரு சுற்றிலும் நிழல் கொஞ்சம் குறைந்தது. மேடையின் ஓரத்துக்கு வெயில் வந்துவிட்டது. இதே வெயில்தான் பாறைத் தட்டுக்கும் வந்திருக்கும். மடியில் போன் அதிர்ந்தது. எடுத்துக் காதில் வைத்தாள்.

"நஸ்ரா? கேக்குதா?" ஸைஃபின் குரல் வறண்டிருந்தது. "சின்னக் கிடாய் ரெண்டு தடவை ஓரத்துக்குப் போயிடுச்சு. கல்லை எறிஞ்சு தள்ளி வச்சிருக்கேன். நான் தூக்கிட்டு வந்த தண்ணி ரெண்டு ஆட்டுக்குக் கூடப் போதலை. ஆடு கெடச்சுதா? ஏன் பேச மாட்டேங்கறே? நஸ்ரா?"

கஹ்லா நாலடி தூரத்தில் வந்துகொண்டிருந்தது. அவள் போனை அணைத்தாள்.

"நூத்தி இருபது!" என்றாள் ஸுலைம் அம்மா. சொல்லிவிட்டு நஸ்ராவின் முழங்காலை அழுத்தினாள். அவ்வளவுதான், இனி இல்லை என்று அர்த்தம்.

பஹ்லாக்காரர் தாடியைத் தடவினார். வானத்தைப் பார்த்தார். "நூத்தி இருபத்தஞ்சு."

கல்ஃபான் கடைசிச் சுற்றைத் தொடங்கினார். "நூத்தி இருபத்தஞ்சு! கேக்கறவங்க கேட்டுக்கலாம்!" கால் வட்டம். கருவாட்டுக்காரன் முன்னால் யாரும் கை நீட்டவில்லை. அரை வட்டம். மேடை ஓரத்தில் காமிராவோடு மண்டியிட்டிருந்த வெள்ளைக்காரத் தம்பதி கஹ்லாவைப் படம் பிடித்தார்கள். நஸ்ரா கூட்டத்தைத் துழாவினாள். மர்ஹூன் இல்லை. ஹமூத் இல்லை. முக்கால் வட்டம். "நூத்தி இருபத்தஞ்சு!" பஹ்லாக்காரர் கைத்தடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு உள்ளங்கையை விரித்தார். கயிற்றின் முனை அந்தக் கையை நோக்கி நீண்டது.

நஸ்ரா எழுந்து நின்றாள். யோசித்து எழவில்லை. தினமும் குளத்தங்கரையில் நின்று மேலே பார்த்துக் கொடுக்கும் குரல் அவள் வாயிலிருந்து தானாக வந்தது.

"த்ர்ர்ரா... ஹோய்!"

கயிறு கல்ஃபானின் கையைச் சுட்டுக்கொண்டு போனது. கஹ்லா ஓடவில்லை, நின்ற இடத்திலிருந்தே எழும்பியது. வெள்ளைக்காரர்களின் தலைக்கு மேலே, ஒரு சாயாத் தட்டுக்கு மேலே போய், மேடையில் மூன்று பேருக்கு நடுவில் இருந்த கையகல இடத்தில் நாலு காலையும் சேர்த்து ஊன்றி, அங்கிருந்து இன்னொரு தாவலில் நஸ்ராவின் முன்னால் வந்து நின்றது. சாயா ஒரு துளி சிந்தவில்லை.

 சந்தை முழுக்கச் சிரிப்பும் கூச்சலும் கிளம்பின. நஸ்ரா ஆட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடினாள். கெட்டது குடி. இப்போது யாராவது நூற்றைம்பது என்பார்கள், இருநூறு என்பார்கள்.

"ஏம்மா," என்று பஹ்லாக்காரரின் குரல் கேட்டது. "இது முன்னால நடக்கற ஆடா?"

இனி மறைத்து ஆவதென்ன? "ஆமா."

"சுவர் ஏறுமா?"

அந்த நேரத்திலும் அவளால் பெருமையை அடக்க முடியவில்லை. "ஆளுயரச் சுவரா? தூங்கிக்கிட்டே ஏறும்."

பஹ்லாக்காரர் விரித்த கையை மடக்கி அங்கியின் பைக்குள் விட்டுக்கொண்டார். "எனக்கு நாப்பது பேரீச்ச மரம், கீழே முழுக்கக் குதிரைமசால் தீவனம். தோட்டத்துச் சுவர் இடுப்பளவு. இவ ஒரு தடவை ஏறினா, பின்னாடியே தெரு ஆடெல்லாம் ஏறி வரும். கயிறு இன்னும் என் கைக்கு வரலை, கல்ஃபான். எனக்கு வேண்டாம்."

"மாமா, சொன்ன விலை..."

"விலை நடக்கற ஆட்டுக்குச் சொன்னேன். பறக்கறதுக்கு இல்லை."

கல்ஃபான் மற்றவர்களைப் பார்த்தார். எல்லாருக்கும் தோட்டம் இருந்தது. எல்லாருக்கும் சுவர் இருந்தது. ஒருவரும் கையை நீட்டவில்லை. நஸ்ரா மெல்லக் கண்ணைத் திறந்தாள். மலையில் பொன்னாக மதிக்கும் குணத்துக்குச் சமவெளியில் திருட்டு என்று பேர் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. இவ்வளவு நேரம் வீணாக மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"அப்ப அக்கா நூத்தி இருபது," என்றார் கல்ஃபான்.

"யார் சொன்னது?" என்று பாய்ந்தாள் ஸுலைம் அம்மா. "அதுவும் நடக்கற ஆட்டுக்குச் சொன்னதுதான். இப்ப தொண்ணூறு."

"அக்கா, நூறுக்குக் குறைஞ்சா குடுக்காதேன்னு ஆட்டுக்காரர் சொல்லியிருக்காரு. என் கையைப் பாருங்க, தோலே போச்சு."

"நூறு," என்றாள் நஸ்ரா. "குடுங்க."

கயிறு கை மாறியது. அவள் பணத்தைக் கொடுத்து முடிக்கவும், மர்ஹூன் ஹமூத்தைச் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து வரவும் சரியாக இருந்தது. ஹமூத்தின் கையில் ஒரு முழு நெய்மீன்.

"அண்ணி! நீங்க எங்க இங்க?" என்றவன் ஆட்டைப் பார்த்தான். "ஐயோ. இது தாயா?"

"வண்டியில ஏறு," என்றாள் நஸ்ரா.

ஸுலைம் அம்மாவின் கையைப் பிடித்து நெற்றியில் வைத்துக்கொண்டாள். "போ, போ. வெயில் ஏறுது," என்று அவள் தள்ளிவிட்டாள்.

மலைப்பாதையில் வண்டி முதல் கியரில் முனகியது. கஹ்லா முன் இருக்கையில் நஸ்ராவின் மடியில் தலை வைத்திருந்தது. ஹமூத் பின்னால் வைக்கோலில் மீனோடு குந்தியிருந்தான்.

"நம்ம ஆட்டை நாமளே வாங்கி, தரகும் குடுத்திருக்கோம்," என்றார் மர்ஹூன்.

 ஸைஃப் போனை எடுக்கவில்லை. நஸ்ரா மூன்று தடவை கூப்பிட்டுவிட்டாள். பேட்டரி தீர்ந்திருக்கும் என்றார் மர்ஹூன். அதையே திரும்பவும் சொன்னார்.

குளத்தங்கரையில் வண்டி நிற்குமுன்னே அவள் கதவைத் திறந்தாள். நிழல் காலடிக்குள் சுருங்கிவிட்டிருந்தது. மேலே பார்த்தால் பாறையின் வெளிச்சத்தில் கண் கூசியது. ஆடுகள் தெரியவில்லை, கத்தல் மட்டும் கேட்டது. நேற்றைய கத்தல் அல்ல, தொண்டை காய்ந்த கரகரப்பு. கயிற்றை அவிழ்த்துவிட்டாள். கஹ்லா குளத்தை ஒரு தடவை பார்த்தது. குடிக்காமல் ஏறத் தொடங்கியது.

நஸ்ரா திரும்பி நின்றுகொண்டாள். பார்க்கத் தைரியம் இல்லை. காதுதான் வேலை செய்தது. மேலே ஸைஃபின் குரல் ஒரு தடவை கேட்டது.  அவள் இரண்டு கைகளையும் வாயருகே குவித்துக் குரல் கொடுத்தாள்.

கல்லில் குளம்பு ஊன்றும் ஓசை. அது கஹ்லா. அடுத்தது உடனே, அதன் வால் பிடித்தது போல, மகளாகத்தான் இருக்கும். பிறகு ஒவ்வொன்றாக, ஒவ்வொன்றுக்கும் பின்னால் பொடிக்கல் உருளும் சத்தத்தோடு வந்தன. கஹ்லாவை விட்டுவிட்டு, மகளிலிருந்து அவள் விரல் மடக்கி எண்ணினாள். பத்து. பதினெட்டு. முதலில் இறங்கியவை அவளை இடித்துத் தள்ளிக்கொண்டு தண்ணீருக்குள் பாய்ந்தன. இருபத்தைந்து. இருபத்தாறு. இருபத்தேழு.

நின்றுவிட்டது.

"சின்னக் கிடாய்," என்றான் ஹமூத் மெதுவாக. மீன் இன்னும் அவன் கையில் இருந்தது.

கஹ்லா தண்ணீரிலிருந்து முகத்தை எடுத்து மேலே பார்த்தது. தாடையிலிருந்து நீர் சொட்ட, வந்த வழியிலேயே திரும்பி நடந்தது. நஸ்ரா இந்தத் தடவை கூப்பிடவில்லை. மடக்காத கடைசி விரலை மறு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஒரு குளம்போசை. பொடிக்கல் உருண்டது. அதன் பின்னாலேயே, இலேசாக, இன்னொன்று.

விரலை மடக்கினாள்.