போர்வையின் மறுமுனை

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு நாற்பதுக்கு வாஷிங் மெஷின் நின்றது. உள்ளே நான்கு தடித்த போர்வைகள், நுரையும் தண்ணீருமாக.

பல் டாக்டர் அதன் முன் குந்தி உட்கார்ந்து பொத்தானை அழுத்திப் பார்த்தாள், இடது கையால். வலது மணிக்கட்டு முறிந்து, மாவுக்கட்டு பிரித்து ஏழு வாரம் ஆகிவிட்டது. இன்னும் எல்லா வேலைக்கும் இடது கைதான் முந்திக்கொண்டது. வலது கைக்கு ஒரே வேலை, பிசியோதெரபிஸ்ட் கொடுத்த ரப்பர் பந்தை நாளுக்கு நூறு முறை அமுக்குவது. ஒவ்வொரு முறையும் வலிக்கிறதா என்று பார்ப்பாள். பார்த்தால் வலிக்கும்.

நாளைக்கு வேலைக்குத் திரும்ப வேண்டும். முதல் ஆளுக்கே கடைவாய்ப் பல் பிடுங்குவது. பாதியில் இடுக்கி நழுவினால்? 'இன்னும் ஒரு மாதம் விடுப்பு வேண்டும்' என்று கிளினிக்குக்கு எழுதிய செய்தி மூன்று நாளாக போனில் அனுப்பப்படாமல் கிடந்தது. ஏற்கெனவே இரண்டு முறை கேட்டாயிற்று. மூன்றாவது முறை கேட்டால் அவள் இடத்தில் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள்.

"மெக்கானிக் புதன்கிழமைதான் வருவானாம்." நாத்தனார் போனை வைத்தாள். கணவனின் தங்கை, பஸ் ஓட்டுகிறவள். "அதுவரைக்கும் ஊறினா வீட்டுல குடியிருக்க முடியாது. வாங்க அண்ணி, நாமளே அலசிடலாம்."

"என் கை..."

"காலால மிதிங்க. காலும் ஒடிஞ்சிருக்கா?"

நாத்தனார் மெஷினின் அடிமூடியைத் திருகித் தண்ணீரை வடித்தாள். போர்வைகளைக் குளியல் தொட்டிக்குள் போட்டார்கள். பல் டாக்டர் சுவரைப் பிடித்துக்கொண்டு மிதித்தாள். மூன்று தண்ணீர் மாற்றியபின் நுரை அடங்கியது.

பிழிவதற்கு ஓர் ஆள் போதாது. ஆளுக்கொரு முனையைப் பிடித்து எதிரெதிரே நின்றார்கள். நாத்தனார் திருகினாள். இவளும் திருகினாள். போர்வை கயிறு மாதிரி சும்மா உருண்டது. சொட்டுத் தண்ணீர் இல்லை.

"நான் முறுக்குறேன், நீங்க பிரிச்சு விடுறீங்க. இதுக்கு நான் கதவுல கட்டிப் பிழிஞ்சிருப்பேன். உங்க வலப்பக்கமாத் திருகுங்க அண்ணி!"

வலப்பக்கம் என்றால் வலது கை முன்னால் வர வேண்டும். பல் டாக்டர் கையை மாற்றிப் பிடித்தாள். மெல்லத் திருகினாள். தண்ணீர் கொட்டிப் பாதம் நனைந்தது.

இரண்டாவது போர்வைக்கு நாத்தனார் தன் பஸ்ஸில் ஏறிய ஒருவரின் கதையை ஆரம்பித்தாள். அவர் தினமும் ஏறியதும் தூங்கிவிடுவாராம். இறங்கும்போது, ஓட்டினது சரியில்லை என்பாராம்.

"தூங்கினவருக்கு எப்படித் தெரியும்?"

"அதான் நானும் கேட்டேன். 'சரியா ஓட்டியிருந்தா நான் முழிச்சிருக்கவே மாட்டேன்'னாரு."

பல் டாக்டர் சிரித்தாள். சிரித்தபடி திருகினாள். மூன்றாவதும் முடிந்தது. நான்காவதில் முறுக்கு இறுகி இறுகி ஏறியது. திடீரென்று எதிர்முனை தளர்ந்து, ஈரப்போர்வை சொத்தென்று தரையில் விழுந்தது.

நழுவவிட்டது நாத்தனார்.

"பல்லுன்னு நெனச்சு இழுத்துட்டீங்களா?" உள்ளங்கையை ஊதிக்கொண்டாள்.

பல் டாக்டர் தன் கையைப் பார்த்தாள். வலது கை முன்னால் இருந்தது. முனையை இன்னும் விடவில்லை. வலிக்காகக் காத்தாள். கொஞ்சம் வலித்தது. இடது கையைக் கவனித்தாள். அதிலும் அதே வலி, அதே அளவு.

அடக்கி வைத்திருந்த மூச்சு தானாக வெளியே வந்தது. சுவரில் சாய்ந்து நின்றாள். பிறகு ஈரக்கையைத் துணியில் துடைத்து, போனை எடுத்து, அந்தச் செய்தியை அழித்தாள். கீழே கிடந்த முனையை எடுத்து நாத்தனாரிடம் நீட்டினாள், வலது கையால்.

நாத்தனார் அதை வாங்கவில்லை. தன் சிவந்த உள்ளங்கையையும் அண்ணியின் கையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அண்ணி, அந்த மெக்கானிக்கை வர வேண்டாம்னு சொல்லிடவா?"