மேட்டில் ஓட்டிப் பார்த்த கூலர்

மூன்றாவது முறையும் அதே பதில்தான் வந்திருந்தது. "அக்கா, குரல் நல்லா இருக்கு. பின்னால அந்த இரைச்சல் மட்டும் இன்னும் போகல. இந்தப் பாடத்தையும் திருப்பி அனுப்புறேன்."

அனுசியா கைப்பேசியைக் கட்டிலில் எறிந்தாள். அனுப்பிய வித்யாவைக் குறை சொல்ல முடியாது. சென்னையில் உட்கார்ந்து ஒலி சரிபார்ப்பது அவள் சோலி. பார்வையில்லாத பிள்ளைகளுக்குப் பள்ளிப் பாடங்களைக் குரலில் பதிந்து கொடுக்கிற நிறுவனம் அது. அந்தப் பிள்ளைகளுக்குக் காதுதான் எல்லாம். அந்தக் காதில் இரைச்சலை ஊற்றினால் யார் ஒத்துக்கொள்வார்கள்?

வாசிக்கிற வேலை கிடைத்து எட்டு மாதம் ஆகிறது. அதற்கு முன்னால் பதினோரு வருஷம் மலைக்கு மேலே ஏலத்தோட்டத்தில் காய் எடுத்தவள் அனுசியா. செடியின் தூரில் குனிந்தால் மதியச் சோற்றுக்குத்தான் நிமிர்வது. அட்டை கடித்த காலோடு வந்து தபால் வழியில் டிகிரி முடித்தாள். படிப்புக்கு வேலை கிடைக்கவில்லை, குரலுக்குக் கிடைத்தது. இப்போது அதுவும் தொங்கலில் நிற்கிறது. ஒன்பதாம் வகுப்புப் புவியியலில் மூன்று பாடம் சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் சுத்தமாகப் போய்ச் சேரவேண்டும். இல்லாவிட்டால் வேறு குரல் பார்த்துவிடுவார்கள். அப்புறம் அனுசியாவுக்குத் தெரிந்த வேலை ஒன்றே ஒன்றுதான். அதற்கான ஜீப்பு தினமும் விடியுமுன் அவள் வாசலில்தான் நின்று உறுமுகிறது. ஓட்டுவது அவள் புருஷன் ராமர்.

இரைச்சல் வருவது கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ளிருந்து. பிராசசர் தலையில் உட்கார்ந்திருக்கிற ஃபேன். ஒரே அறை வீடு, மேலே தகரம். பொன்னுருகக் காயும் புரட்டாசி என்பார்கள், போடியில் பொன்னோடு மூளையும் உருகும். வெயில் ஏற ஏற ஃபேன் கத்தும். வயரை நீட்டிப் பெட்டியை வெளியே வைக்கலாமென்றால் வெளியே அதைவிட வெயில். ராத்திரி பதியலாமென்றால் தகரம் பகலில் குடித்த சூட்டை நடுச்சாமம் வரை கக்கும், அதற்குப் பிறகு தெரு நாய்கள் பாடம் எடுக்கும். விடிகாலையில் ஜீப்புகள். இரைச்சலை மென்பொருளில் சுரண்டினால் குரலும் சேர்ந்து உரிந்து போகிறது என்று வித்யா முதலிலேயே சொல்லிவிட்டாள்.

ஆக, ஃபேனோடு சேர்த்து, பிராசசர் சூட்டைத் தணிக்கிற கூலரையே மாற்ற வேண்டும். மாற்றுகிற ஆள் வீட்டிலேயே இருந்தான், அதுதான் வினை. ராமரின் தம்பி விஜயபாண்டி பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறான். கை வேலைக்காரன்தான். வாய் கையைவிட இரண்டு மடங்கு வேலை செய்யும்.

முதலில் ஒரு கூலர் கொண்டுவந்தான். அலுமினியத் தகடுகளை அடுக்கிய கோபுரம் மாதிரி, ஒரு சாண் உயரம். மாட்டினான். பெட்டியின் மூடி சாத்தவில்லை. பெட்டியே அலமாரித் தட்டுக்கு அளவாக அவன் தேர்ந்தெடுத்துக் கொடுத்த சின்னப் பெட்டிதான்.

"மூடி எதுக்கு மதினி, தொறந்தே கெடக்கட்டும். காத்து வரும்."

"சத்தமும் வரும். வாங்குறதுக்கு முன்னால அளக்க மாட்டியா? நீயே குடுத்த பொட்டிதான?"

"அளந்தேன். ஒரு வெரக்கடை கூடிருச்சு."

"வெரக்கடையா? ரெண்டு வெரலை உள்ள விடுறேன், பாரு. ரெண்டையும் விட்டப்புறம் மூணாவதும் போகுது."

இரண்டாவது கூலரைப் புதன்கிழமை காட்டினான். உள்ளங்கை அகலம், மூன்று விரல் உயரம். செப்புக் குழாய்களும் நெருக்கமான தகடுகளும், மேலே தட்டையாக ஒரு ஃபேன். பார்க்க அடக்கமாக இருந்தது. ஆனால் மாட்டுவதற்கு அவனுக்கு நேரமில்லை. போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு எஸ்டேட் ஆபீசில் மூன்று நாள் வேலை.

"பொட்டியக் குடுங்க மதினி, கையோட மேல கொண்டுபோறேன். அங்க வச்சு மாட்டி, ரெண்டு நாள் ஓட்டிப் பார்த்துட்டு வெள்ளிக்கிழமை கொண்டாறேன். சோதிக்காம உங்க கையில குடுக்க மாட்டேன்."

வியாழக்கிழமை, சிக்னல் கிடைக்கிற போடிமெட்டு வரை வந்து வீடியோ அனுப்பினான். பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. பிராசசர் சூடு நாற்பத்தெட்டு டிகிரி என்று திரையைக் காட்டினான். கைப்பேசியைப் பெட்டிமேல் வைத்து, "கேளுங்க, சத்தம் வருதா?" என்றான். கூரையிலிருந்து பனி சொட்டுவதுதான் கேட்டது. "தலமாட்டுல வச்சுத் தூங்கலாம்" என்று சான்றிதழும் கொடுத்தான். அனுசியாவுக்கு எட்டு நாளில் முதல்முறையாகச் சோறு இறங்கியது.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குப் பெட்டி வந்தது. மைக்கை வைத்து முதல் பத்தியை முடிக்குமுன் உள்ளே ஒரு கொசு பாடத் தொடங்கியது. பத்து நிமிஷத்தில் கொசு மிக்சியானது. அரை மணியில் மாவு மில். திரையில் எண்பத்தாறு டிகிரி.

விஜயபாண்டி தலையைச் சொறிந்தான். "மேல நல்லாத்தான் இருந்துச்சு."

"மேல எனக்குக்கூடத்தான் வேர்க்காது."

"இல்ல மதினி, ரெண்டு நாள் நிறுத்தாம ஓட்டுனேன்."

"இருபது நாள் ஓட்டியிருந்தாலும் இதே கததான். இங்க வா. இதை வாய்விட்டு வாசி."

அவள் பதிந்துகொண்டிருந்த பாடத்தையே அவன் முன்னால் தள்ளினாள். அவன் எழுத்துக் கூட்டுகிறவன்போல வாசித்தான். "உயரம் கூடக்கூட வெப்பநிலை குறைகிறது. ஆயிரம் மீட்டருக்கு ஏறத்தாழ ஆறரை டிகிரி…" நிறுத்தினான். காது மடல் சிவந்தது.

"ஒம்பதாப்பு" என்றாள் அனுசியா. "பாஸ் பண்ணித்தான வந்த?"

"சரி மதினி, கேக்கக்கூடாததக் கேட்டுட்டீங்க."

அவனைத் துரத்திவிட்டு அவளே உட்கார்ந்தாள். ஏலக்காயை நிறத்தை மட்டும் பார்த்து எடுக்கிறவன் ஏமாறுவான், உரித்து உள்ளே இருக்கிற ஏலரிசியைப் பார்க்க வேண்டும். மூடி போட்டு ஐந்து நிமிஷம், மூடியைக் கழற்றி ஐந்து நிமிஷம், தட்டில் வைத்து, தரையில் வைத்து, ஜன்னலில் ஈரத்துண்டு கட்டி. ஒவ்வொரு முறையும் வாயைத் திறக்காமல் வெறும் அறையைப் பதிந்து, ஹெட்ஃபோனில் கேட்டாள். சுவரில் ஒரு தெர்மாமீட்டரையும் தொங்கவிட்டாள். சாயங்காலத்துக்குள் விஷயம் தெளிந்துவிட்டது, தெளிந்ததும் எரிச்சல் கூடியது. கூலர் மோசமில்லை. கணக்குப் போட்டுப் பார்த்ததில், அறை இருபத்தெட்டுக்குக் கீழே இருந்தால் அது வாயே திறக்காது. இந்தச் சின்னப் பெட்டிக்குள் இதைவிடப் பெரிதாக எதுவும் நுழையாது. அவள் அறையோ மத்தியானம் முப்பத்தெட்டு. குற்றம் தகரத்தின்மேல்தான், தகரத்தைத் திருப்பி அனுப்ப எந்தக் கடையும் இல்லை.

ராத்திரிச் சோற்றின்போது ராமர் கேட்டான். "என்ன முடிவு பண்ணிருக்க?"

"நாளைக்கு ஜீப்புல எனக்கு ஒரு எடம் வேணும்."

ராமர் சோற்றுக் கையை நிறுத்தினான். "காய் எடுக்கவா?"

"வாசிக்க. தம்பி வேலை பார்த்த ஆபீஸ் எந்த எஸ்டேட்டு? அங்க எறக்கி விடுங்க. சத்தமில்லாத எடம்னு அவன்தான சோதிச்சு வச்சிருக்கான்."

சனிக்கிழமை விடியுமுன் ஜீப்பில் பதினாறு பேர். பின்சீட்டில் கூடைகளுக்கு நடுவே அனுசியா, மடியில் போர்வை சுற்றிய கம்ப்யூட்டர் பெட்டி, காலிடுக்கில் திரையும் மைக்கும் வைத்த பை. எதிரே மருதாயி வெற்றிலையை மென்றபடி பார்த்தாள். அனுசியாவோடு ஒரே வரிசையில் காய் எடுத்தவள்.

"என்ன ஆத்தா, திரும்ப வந்துட்ட? கூடை எங்க?"

"மடியில இருக்கு."

"பச்சப்பிள்ளையத் தூக்குற மாதிரில்ல தூக்கியிருக்க. பால் குடுத்தியா அதுக்கு?"

"அது பால் குடிக்காது மதினி. காத்துதான் குடிக்கும். அதுவும் குளுந்த காத்து."

"அப்ப அதுக்குச் சம்பளம் உண்டா, நமக்குத்தானா?"

ஜீப்பு சிரித்தது. அனுசியாவும் சிரித்தாள், பல்லைக் கடித்துக்கொண்டு. ஒவ்வொரு வளைவிலும் பெட்டி அடிவயிற்றில் இடித்தது. மேலே ஏற ஏற ஜீப்புக்குள் சால்வைகள் விரிந்தன. பத்தாவது வளைவில் அவளுக்கே குளிரத் தொடங்கியது. இந்தக் குளிர் பிடிக்காமல்தானே கீழே இறங்கினோம் என்று நினைத்தபோது ஆத்திரமாக வந்தது.

எஸ்டேட் கணக்குப்பிள்ளை முனீஸ்வரன் பாதி மலையாளத்தில் பேசுகிறவர். போடிக்காரர்தான், இருபது வருஷமாக மேலே இருந்ததில் நாக்கு எல்லை தாண்டிவிட்டது. "ஆபீசு ஒழிஞ்சுதான் கெடக்கு சேச்சி. குழப்பமில்ல, இருந்துக்கோங்க. மூணு மணி வரைக்கும்தான் கேட்டோ. அதுக்கப்புறம் ஸ்டோர்ல காயக் கொண்டாந்து கொட்டி, உலத்துறதுக்கு அடுப்புப் பத்த வப்போம். ப்ளோவர் ஓடும். அப்ப ஒங்க சத்தமே ஒங்களுக்குக் கேக்காது."

பெட்டியை மேசையில் வைத்து ஓட்டினாள். அறை பத்தொன்பது டிகிரி. பிராசசர் நாற்பத்தேழு. காதை வைத்துக் கேட்டாள். ஃபேன் சுற்றுகிறதா நின்றுவிட்டதா என்று விரலை நீட்டிப் பார்க்கவேண்டி வந்தது. வீடியோவில் விஜயபாண்டி பொய் சொல்லவில்லை. பொய் சொல்லியிருந்தால் திட்டுவதற்கு லேசாக இருந்திருக்கும்.

முதல் பாடம் நேர்கோடாக ஓடியது. இரண்டாவதின் கடைசிப் பத்தியில், "ஆகவே பருவக்காற்று…" என்று மூச்சை இழுத்து வாசிக்கையில் கதவு திறந்தது.

"சேச்சி, சாயா எடுக்கட்டா?"

அனுசியா கண்ணை மூடித் திறந்தாள். "அண்ணே, கதவச் சாத்துங்க. நீங்க வெளிய நில்லுங்க. வேற யாரும் வந்தாலும் நீங்களே பிடிச்சு வச்சிக்கங்க."

"ஒரு சாயாதான…"

"அண்ணே."

மறுபடி முதலிலிருந்து. ஒரு தடவை முனீஸ்வரன் வாசலில் நின்றே தும்மினார். ஒரு தடவை லோடு ஜீப்பு ரிவர்ஸ் எடுத்தது. மூன்றாவது பாடத்தின் கடைசி வரியை முடித்தபோது இரண்டு ஐம்பது. தண்ணீரைத் தொண்டையில் ஊற்றியபோது ஸ்டோரில் ப்ளோவர் கிளம்பியது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அவள் வீட்டு ஃபேன் அதன்முன் தாலாட்டு.

ஆபீசில் சிக்னல் இல்லை. பதிந்ததைக் கைப்பேசியில் ஏற்றி, ஆட்களைக் கூட்டிக்கொண்டு கிளம்பிய ஜீப்பிலேயே போடிமெட்டுக்கு வந்து, செக்போஸ்ட் பக்கம் ராமரை நிறுத்தச் சொன்னாள். பதினாறு பேரும் காத்திருந்தார்கள்.

"வெரசா ஆகட்டும் ஆத்தா, வீட்ல அடுப்பு பத்த வைக்கணும்" என்றாள் மருதாயி.

"எனக்கு இதான் அடுப்பு மதினி. ரெண்டு நிமிசம்."

மூன்றாவது பாடம் போய்ச் சேர்ந்தபோது மணி நாலு ஐம்பத்தொன்று.

வீடு வந்து பெட்டியை இறக்கும்போது வித்யா கூப்பிட்டாள். "அக்கா, மூணுமே சுத்தம். மேல உள்ளவங்களுக்குப் போட்டுக் காட்டிட்டேன். பத்தாம் வகுப்பு முழுசும் உங்களுக்கே குடுக்கச் சொல்லிட்டாங்க, திங்கக்கிழமையிலருந்து." அனுசியா வாசற்படியில் உட்கார்ந்தாள். வித்யா தொடர்ந்தாள். "அந்தக் கூலர் பேரச் சொல்லுங்கக்கா. நமக்கு வாசிக்கிற இன்னொரு அக்காவுக்கும் இதே தொல்ல. நீங்க சொன்னா அவங்க இன்னைக்கே வாங்கிருவாங்க."

"அவங்க எந்த ஊரு?"

"வேலூர்."

"வேணாம்னு சொல்லு. இது கெட்ட கூலர் இல்ல. ஆனா அவங்க வீடு இருவத்தெட்டு டிகிரியத் தாண்டுனா கத்தும். வீட்டுக்குள்ள மத்தியானம் எவ்வளவு இருக்குன்னு அளந்துட்டு அப்புறம் வாங்கச் சொல்லு."

பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த விஜயபாண்டிக்கு முதல் பாதி மட்டும் காதில் விழுந்திருந்தது. "கேட்டியா அண்ணே, கெட்ட கூலர் இல்லைன்னு மதினி வாயாலயே சொல்லிருச்சு. நான் அப்பயே சொன்னேன்."

"தம்பி" என்றாள் அனுசியா. "அடுத்த தடவ எதையாவது சோதிக்கணும்னா மத்தியானம் ரெண்டு மணிக்கு இங்க வா. இந்தத் தகரத்துக்குக் கீழ, ஃபேன் போடாம, கதவச் சாத்திட்டு உக்காரு. அது கத்துறதுக்கு முன்னால நீ கத்தலைன்னா அதுக்கப்புறம் நான் வாங்குறேன்."

"திங்கக்கிழமை வரட்டா?"

திங்கட்கிழமை இரண்டு மணிக்கு அவள் இங்கே இருக்கப்போவதில்லை. அது அப்போதுதான் உறைத்தது. பத்தாம் வகுப்புப் புத்தகங்களை எண்ணிப் பார்த்தாள். தினமும் மூன்று மணிவரைதான் என்றால், தை வரைக்கும் இழுக்கும். கீழே இறங்க எட்டு மாதம் முன்னால் பட்ட பாடெல்லாம் இதற்குத்தானா?

ராமர் ஜீப்பைத் துடைத்துக்கொண்டே கேட்டான். "திங்கக்கிழமையும் எடம் வைக்கவா?"

"வைங்க" என்றாள். "ஆனா முன்சீட்டுல. கூடைகளோட பின்னால இனிமே உக்கார மாட்டேன்."