கேம் பெட்டிக்குச் சந்தனப் பொட்டு

“பிளக்கைப் புடுங்கினப்புறம் என்னத்தலே கரண்டு இருக்கும்? பெத்தவளுக்கே பாடம் எடுக்குதியா?”

“இருக்கும்மா. பிக்சர் டியூப்ல ஆயிரக்கணக்குல வோல்ட் நிக்கும். பின்னால கை வச்சா ஆளைத் தூக்கி அடிச்சிரும்.”

“அப்போ எமனை எதுக்குலே நடு வீட்டுல கொண்டாந்து வச்சிருக்க?”

நான் உறைமோர் வாங்கப் போனவள். டம்ளரும் கையுமாக வாசலிலேயே நின்றுவிட்டேன். பாதிச் சண்டையில் திரும்பி வர எனக்கு மனசு வராது.

அந்தப் பெட்டி வந்த நாளிலிருந்து பக்கத்து வீட்டுப் பேராச்சி மதினிக்கும் மகன் குமரகுருவுக்கும் இதே கச்சேரிதான். குற்றாலத்தில் சீசன் கடையில் காசு போட்டு விளையாடுவோமே, அந்தப் பழைய வீடியோ கேம் பெட்டி. பீரோ உயரம். ஐந்தருவிப் பக்கம் கடையை மூடியவர்கள் போட்டுவிட்டுப் போனது. சாரலில் நனைந்து அடிப்பலகை அப்பளமாய் உப்பியிருந்தது. சென்னைக் கம்பெனிக்குத் தென்காசி வீட்டிலிருந்தே வேலை பார்க்கிற பிள்ளை, மீட்டிங் முடிந்ததும் அதற்குள் தலையை விட்டுவிடுவான். பலகை மாற்றினான், பட்டன் மாற்றினான். படம் மட்டும் வரவில்லை.

உள்ளே கை வைக்கும் முன்னால் வயர் கட்டிய ஸ்க்ரூ டிரைவரை டியூபின் ரப்பர் மூடிக்கு அடியில் நுழைப்பான். ‘டப்’பென்று ஒரு சத்தம். தேங்கிய கரண்டு இறங்கிவிட்டதாம். எங்கள் வீட்டுக்கே கேட்கும். நான் ஒன்றும் காதை வைத்துக் கேட்டதில்லை, சுவர் மெல்லிசு.

ஆயுத பூஜையன்று காலையில் பெண்டாட்டியைக் கூப்பிட்டு அவன் கூச்சல்: “அபர்ணா, படம் வந்துட்டு!” பின்னாலேயே டொய்ங் டொய்ங்கென்று பாட்டு. சந்தோஷத்தில் பூ வாங்கப் பைக்கில் பறந்தான். சுண்டல் கொடுக்கிற சாக்கில் நான் பெட்டியைப் பார்க்கப் போனேன்.

கிரைண்டர், பிரிட்ஜ், லேப்டாப் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துவிட்டு, மதினி சந்தனக் கிண்ணத்தோடு பெட்டிக்குப் பின்னால் நின்றாள். முதுகுப் பலகை கழற்றிக் கிடந்தது. உள்ளே டியூபின் மேல் கறுப்பாய், வட்டமாய் அந்த ரப்பர் மூடி. பொட்டு வைக்கவென்றே செய்தது போல இருந்தது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பாட்டுக் கேட்டது, பைக் கேட்டது. ‘டப்’ கேட்கவில்லை.

ஊர்க்கதை பேசுகிற நாக்கு, வேண்டிய நேரத்தில் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்த மருமகள் அபர்ணாதான் கத்தினாள். “அத்தை! அதைத் தொடாதீங்க!”

மதினி பிளக்கைப் பார்த்தாள். பிடுங்கித்தான் கிடந்தது. மருமகளைப் பார்த்தாள்.

“ஏட்டி, என் வீட்டுல எதைத் தொடணும், எதைத் தொடக்கூடாதுன்னு நீ சொல்லுதியோ?”

விரல்களைச் சந்தனத்தில் முக்கி, மூடியின் ஓரம் வரை அழுத்தித் தடவினாள்.

‘டப்.’

அதே சத்தம்தான். கிண்ணம் எங்கேயோ போய் விழுந்தது. மதினி மல்லாக்கக் கிடந்தாள். கண் திறந்திருந்தது, ஆனால் எங்களைப் பார்க்கவில்லை. அபர்ணா அவள் மூக்கில் கை வைத்தாள். “மூச்சு இருக்கா? சொல்லுங்க, இருக்கா?” என்று என்னிடம் கேட்கிறாள். தெருவில் போன ஆட்டோவை நிறுத்தித் தூக்கிப் போட்டோம்.

ஆஸ்பத்திரியில் மதினி நெஞ்செல்லாம் வயர். குமரகுரு செவ்வந்திப் பையைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் நின்றான். அதற்குள் தெருவில், “மருமக பார்த்துக்கிட்டே நின்னாளாம்” என்று பேச்சு. நான் இரண்டே வீட்டில்தான் சொன்னேன், அதுவும் உள்ளது உள்ளபடி. அபர்ணா காதுக்கும் அது வந்துவிட்டது. மாமியார் வாய் திறந்து என்ன சொல்லப் போகிறாளோ என்று கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சாயங்காலம் மதினி வாயைத் திறந்தாள்.

“அவ தொடாதீங்கன்னுதான் சொன்னா. அவ சொன்னதாலதான் தொட்டேன்.”

அபர்ணா அப்போதுதான் அழுதாள்.

பங்குனியில் குமரகுருவும் அபர்ணாவும் பெட்டியோடு கோயம்புத்தூருக்குக் குடிபோனார்கள். “அது இருக்க வீட்டுக்கா?” என்று மதினி போக மறுத்துவிட்டாள். இந்த ஆயுத பூஜைக்கும் சுண்டலோடு போனேன். பிளக்கைப் பிடுங்கிய பிரிட்ஜின் முன்னால் சந்தனக் கிண்ணத்தோடு நின்று, கோயம்புத்தூருக்குப் போன் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்:

“ஏட்டி, இதைத் தொடலாமா?”