தூக்கிக் கட்டிய தடுப்பு

குடும்பப் படத்துக்காக உறவினர்கள் மணமேடையில் நெருக்கியடித்து நின்றிருந்தனர். மணமகளின் தந்தை, ஓரத்தில் நின்ற தன் தம்பியை எட்டிப் பார்த்தான்.

"டேய், அந்தக் கையைப் பின்னாடி வச்சுக்கடா. படத்துல விழுந்துடப் போகுது."

தம்பியின் வலக்கையில் கட்டைவிரல் மட்டுமே மிஞ்சியிருந்தது. மற்றவை அண்ணனின் பட்டறையில், தகடு வெட்டும் இயந்திரத்தில் போயின. கை உள்ளே செல்லாமல் மறிக்கும் இரும்புத் தடுப்பைக் கம்பியால் தூக்கிக் கட்டிவிட்டால் வேலை விரைவாக நடக்கும். இப்போது அதே இயந்திரத்தில் தம்பியின் மனைவி வேலை செய்கிறாள். தடுப்பு இன்னும் இறங்கவில்லை.

"கைக்கு என்ன ஆச்சு?" என்று சம்பந்தி கேட்டார்.

"கவனப்பிசகு சம்பந்தி. மெஷின் முன்னால நின்னுக்கிட்டு எங்கேயோ பராக்குப் பார்த்தான்" என்றான் அண்ணன்.

"பராக்கா? தடுப்பைத் தூக்கிக் கட்டச் சொன்னது யாரு மாமா?" என்றாள் தம்பியின் மனைவி.

"ஆரம்பிச்சுட்டா!" என்றாள் அண்ணி. "ஒரு நாள் வாயை மூடிக்கிட்டிருந்தா என்ன குறைஞ்சுடும்?"

"மூடிக்கிறேன் அக்கா. கல்யாணம் முடியட்டும், தடுப்பை இறக்கிடறேன்னு மாமா சொன்னாரு. முடிஞ்சுடுச்சு. இறக்கச் சொல்லுங்க."

அண்ணன் குரலைத் தாழ்த்தினான். "இறக்கினா வேலை பாதியாயிடும். சம்பந்திக்குச் சரக்கு இன்னிக்கே போகணும். சாப்பிட்டுட்டு மெஷினுக்குப் போ."

சம்பந்தி சிரித்தார். "வீட்டு விவகாரத்துல நான் தலையிட மாட்டேன். சரக்கு மட்டும் சாயங்காலத்துக்குள்ள வந்துடட்டும்."

அவள் கணவனிடம் திரும்பினாள். "நீங்களாவது வாயைத் திறங்களேன்."

"அண்ணன்தான் சொன்னான். ஆனா கட்டினது என் கைதானே."

"அந்தக் கைதான் போயிடுச்சே!"

விளக்கு பளிச்சிட்டது. படம் எடுத்தாயிற்று.

பிற்பகலில் பட்டறையில், கல்யாணச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் இயந்திரத்தின்முன் அமர்ந்தாள். கணவன் குறட்டுடன் முக்காலிமேல் ஏறினான்.

"இருங்க, நான் அவுக்கறேன்."

"நீ தொடாதே. தொட்டா நாளைக்கு வேலை இருக்காது. எனக்குத்தான் போறதுக்கு வேலையே இல்லையே."

இடக்கையால் குறட்டைப் பிடித்து முறுக்கினான். குறடு வழுக்கியது. மீண்டும் பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினான். விரல்கள் முழுதாக இருந்த காலத்தில், ஒருபோதும் தளராதபடி அவனே முறுக்கிய கம்பி அது. நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியதேயொழியக் கம்பி அசையவில்லை.

"வண்டி வந்தாச்சு! அங்கே என்ன வேடிக்கை?" என்று வாசலிலிருந்து மேஸ்திரி கத்தினார்.

அவள் கணவனின் முழங்கையைப் பற்றி மெல்ல இறக்கிவிட்டாள். பிறகு முதல் தகட்டை உள்ளே தள்ளி, மிதியை அழுத்தினாள்.

வெட்டுக்கத்தி இறங்கியது. யாரும் சொல்லாமலே அவனுடைய வலக்கை முதுகுக்குப் பின்னால் போயிற்று.